கல் பொறுக்கும் பெருச்சாளி

சரக்... சரக்... சரக்.

இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரம். பின்பக்கத்து இருட்டில் எதுவோ மண்ணைப் பறண்டியது. நின்றது. மூச்சு வாங்கியது. மறுபடியும் பறண்டியது. பல் முளைக்காத பிள்ளையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு, மனைவி சமையலறை நடுவில் உறைந்துபோய் நின்றாள். "என்னங்க! என்னங்க!" என்று கூப்பிட்டாள். ஐயோ பாவம், கணவர் வீட்டுக்குள் இல்லை. சாப்பிட்டது செரிக்கட்டும் என்று உலாவப் போயிருந்தார்.

போனவர் வெகுதூரம் போகவில்லை. பின்பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, களைக்கொத்தால் மண்ணைப் பறண்டிக்கொண்டிருந்தார்.

நம்மவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் உத்தியோகம் பார்ப்பவர். வீடு எரிந்தவர், கார் நசுங்கியவர் எல்லாம் இழப்பீடு கேட்டு வந்து நிற்பார்கள். அவர்களுக்கு ஏன் ஒன்றும் கிடையாது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவர் வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அப்பேர்ப்பட்டவரிடம் மனைவி ஒரு மனுப் போட்டுவிட்டாள்.

"குளிர் இறங்கறதுக்குள்ள பின்பக்கத்தைக் கொத்திக் குடுங்க. கேரட், முள்ளங்கி, பட்டாணி போடணும். பாப்பா சாப்பிட ஆரம்பிக்கறப்ப நம்ம வீட்டுக் காயாக் குடுக்கணும்."

கொத்துவது என்றால் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை என்றால் தூக்கம். வாரம் முழுக்க அடுத்தவர் துக்கத்தைத் தள்ளுபடி செய்கிறவருக்கு அந்த ஒரு பகல் தூக்கம்தான் சொத்து. அதை முள்ளங்கிக்கு எழுதிவைக்க அவர் தயாராயில்லை. முடியாது என்று நேராகச் சொல்லத் தைரியமும் இல்லை. அலுவலகத்தில் செய்வதுபோல் இயற்கையின் மேல் பழியைப் போட்டுவிட முடிவு செய்தார்.

களைக்கொத்தை ஒளித்துவிட்டு முன்வாசல் வழியாக இரைக்க இரைக்க ஓடிவந்தார்.

"கேட்டுச்சா உனக்கு?"

"உயிரே போயிடுச்சுங்க! என்னது அது?"

"பெருச்சாளி. இத்தனை பெரிசு." கையை விரித்தார். பெருச்சாளி கன்றுக்குட்டி அளவுக்கு வந்தது. "இனிமே விதை போட்டா ஒண்ணு மிஞ்சாது. தோட்டம் வேண்டாம், விட்டுடு. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு."

காலையில் மனைவி போய்ப் பார்த்தாள். வேலியோரம் மண் கிளறிக் கிடந்தது. ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் உதிரவிட்டாள்.

"ஓரமா மட்டும்தாங்க வந்திருக்கு," என்றாள் பிறகு. "வெயில் விழற நடு இடத்துக்கு வரலை. அங்கேயும் வந்துச்சுன்னா அடியோட விட்டுடறேன்."

அன்று இரவு பெருச்சாளி நடு இடத்துக்கு வந்தது.

"மேலாகத்தான் கிளறுதுங்க. கேரட் ஒரு சாண் கீழே இறங்குமே. அவ்வளவு ஆழம் தோண்டாதில்ல?"

"தோண்டாதா? அதோட நகத்தை நீ பார்க்கலை!"

பெருச்சாளி களைக்கொத்தை விட்டு மண்வெட்டிக்கு மாறியது.

அடுத்து மனைவி ஒரு மூட்டை எருவைக் கொண்டுபோய் நடுவில் வைத்தாள். அந்த நாற்றத்துக்குப் பெருச்சாளி கிட்டவே வராதாம். பக்கத்து வீட்டு மாட்டு டாக்டர் சொன்னாராம். விடிந்து பார்த்தால் மூட்டை கிழிந்து, எரு பாத்தி முழுக்க ஒரே சீராகப் பரவியிருந்தது.

"எவ்வளவு கோபம் பாருங்க அதுக்கு! ஒரு இடம் விடாம இறைச்சிருக்கு."

"கொடூரமான பிராணி," என்றார் நம்மவர், குப்புறப் படுத்தபடி. மனைவி அவர் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, உலாவினா இடுப்பு பிடிக்குமா?"

"வேகமா உலாவறேன்."

"உள்ளங்கையில கொப்புளம்?"

"கையை வீசி உலாவறேன்."

"பார்த்து வீசுங்க."

வெள்ளிக்கிழமை மாட்டு டாக்டரே மதில் மேல் தலையை நீட்டினார். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை.

"சார், பெருச்சாளின்னா ஒரு அடையாளம் உண்டு. தோண்டின இடத்துல கல்லையெல்லாம் பொறுக்கி ஓரமாக் குவிச்சிருக்கும். குவிக்கலைன்னா அது வெறும் எலி. எலிக்குப் பயந்து யாராவது தோட்டத்தை விடுவாங்களா?"

அன்று இரவு கற்கள் குவிந்தன. பெரியது ஒரு குவியல், சிறியது ஒரு குவியல். கோப்புகளை அடுக்கிய கை, சும்மா இருக்குமா?

சனிக்கிழமை மனைவி பெருமூச்சு விட்டாள்.

"மிச்சம் அந்த மூலை ஒண்ணுதாங்க. சருகும் எருவும் போட்டு மண்ணைப் புரட்டி, குளிர் முழுக்க ஊறவிட்டா வசந்தத்துல தக்காளி நாத்து வைக்கலாம்னு இருந்தேன். அதையும் அது விட்டுவைக்கலைன்னா, சத்தியமாச் சொல்றேன், தோட்டத்தைக் கொத்துங்கன்னு இனிமே உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

நம்மவருக்குக் காதில் தேன் பாய்ந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை! சாப்பிட்ட கை காயுமுன் உலாவக் கிளம்பிவிட்டார்.

பாதி மூலை புரண்டபோது குளிர் எலும்புக்குள் இறங்கியது. போதும், பயந்த பெண்ணுக்கு இவ்வளவே அதிகம் என்று முன்வாசலுக்குப் போனார். பூட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு பின்கதவுக்கு ஓடினார். கதவை ஒருக்களித்துப் பிடித்தபடி மனைவி நின்றிருந்தாள்.

"உள்ளே விடும்மா! பெருச்சாளி—"

"மெதுவாப் பேசுங்க, பாப்பா தூங்குது. பாதிதான் ஆயிருக்கு போல."

"பாதியா? உனக்கு எப்படி..."

"ஜன்னல்லேருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன். ரெண்டாம் நாள்லேருந்து தினமும். இருட்டுல தனியா இருக்கீங்களேன்னு மனசு கேக்கலை."

எந்த மனுவையும் தட்டிக்கழித்த அந்தக் கைகளை, ஒட்டியிருந்த மண்ணோடு முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார் நம்மவர்.

"முதல் நாள் புள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் நடுங்கின நடுக்கத்துக்குத்தான் இந்த மூலை," என்றாள் மனைவி. டார்ச் விளக்கை அவர் கையில் திணித்தாள். "அந்தப் பக்கம் கல்லு நிறைய, வெளிச்சம் வேணும். முடிச்சுட்டு மெதுவாத் தட்டுங்க. சீக்கிரம் வந்து படுத்தாத்தான் காலையில எழுந்திருக்க முடியும். நாளைக்குப் பூரா விதை போடணும், நீங்கதான்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.