விளக்கடியில் கரைந்த துகள்கள்

மதிப்பிற்குரிய சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இன்று உங்கள் ஆய்வகத்தில் நடந்த அனைத்தையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப்போகிறேன். நீங்கள் நலமாகப் போய்ச் சேர்ந்து நாளைய உரைக்குத் தயாராகிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

நாளை நீங்கள் காட்ட வேண்டிய படத்தை இன்றே எடுத்து அனுப்புவதாக, உங்களோடு வேலை செய்யும் அண்ணன், அதாவது கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே அறை முழுக்கத் தேடுபவர், உங்களிடம் சொல்லியிருந்தார் அல்லவா. நீங்கள் புழுக்கள் வளர்க்கும் மற்ற தட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டதால், முட்டையோடு மிஞ்சியிருந்த ஒரே புழுவைக் கீறி, ஒரு முட்டையை ஸ்லைடில் வைத்தார். அவர் அந்த வேலையில் இருக்கும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். முட்டைக்குள் ஆர்.என்.ஏவும் புரதமும் சேர்ந்த துகள்கள் எண்ணெய்த் துளிகள் போல மிதக்கும், முட்டை பிளக்கப் பிளக்க அந்தத் துகள்கள் ஒரு முனையில் இருக்கும் செல்லுக்கே போய்ச் சேரும், மற்ற செல்கள் தோலும் குடலுமாகிவிட, அந்த ஒரு செல்லின் வழிவந்தவைதான் பின்னாளில் முட்டையையும் விந்தணுவையும் உண்டாக்கும் என்று அவருக்கே விளக்கினேன். "அப்படியா, எழுதி வச்சுக்கறேம்மா" என்றார். அவர் இதில்தான் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பது, பிறகு கதவிலிருந்த பெயர்ப்பலகையைப் படித்தபோதுதான் தெரிந்தது.

"நாலு செல் ஆகட்டும், படம் எடுத்துடலாம். நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன். இதத் தொடாத, பாத்துக்கிட்டே இரு" என்று சொல்லிப் போனார். நான் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் வெளிச்சம் வேண்டாமா? மேசை விளக்கை இழுத்து ஸ்லைடுக்கு நேர்மேலே நிறுத்தினேன். பழைய குண்டு பல்பு. பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் பார்ப்பதை வரைவார்கள் என்று படித்திருந்ததால் நானும் பென்சிலை எடுத்தேன். வெறுங்கண்ணுக்கு முட்டை தெரியவில்லை என்பதற்காக நான் தயங்கவில்லை. தெரிந்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி வரைந்து, அம்புக்குறி போட்டு, பெயர்களும் எழுதினேன். நிழல்கூடத் தீட்டினேன்.

அண்ணன் திரும்பி வந்து முதலில் விளக்கைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், அப்புறம் நுண்ணோக்கியில் பார்த்தார். இருட்டில் பச்சையாக மினுங்க வேண்டிய துகள்கள் ஒன்றுகூட இல்லை, வெறும் மங்கல்தான்.

"துகள் எங்கம்மா?"

"எந்தத் துகள்ண்ணா?"

"உங்க சித்தியோட மூணு வருஷம்."

"என் படத்துல இருக்குண்ணா. அத வேணா அனுப்பலாமா?"

அவர் என் படத்தை வாங்கிப் பார்த்தார். "நிழல்லாம் தீட்டியிருக்க" என்றார். "சூட்டுல கரைஞ்சிடுச்சும்மா. ஸ்லைடா அது, தோசக்கல்லா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே போனவர் இன்னும் வரவில்லை. உங்கள் மேலதிகாரியிடம் சொல்லத்தான் போயிருப்பார். சித்தி, நாளை அத்தனை பேர் முன்னால் நீங்கள் வெறும் திரையைக் காட்டி நிற்பீர்கள், அதற்கு நான்தான் காரணம். அறிவியல் பாடத்தை விட்டுவிட்டு வணிகவியல் எடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் காரணம் கேட்பாள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். குட்டிப்பாப்பாவுக்கு முத்தம். அவளாவது உங்களுக்குப் பெருமை தேடித் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஆசிக்கு இனி அருகதையற்ற அக்கா மகள்

பி.கு: மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். பேனாவால் எழுதியதால் அழிக்க முடியவில்லை. அண்ணன் ஐஸ் எடுக்கத்தான் போயிருந்தார், இப்போது வந்துவிட்டார். "கரைஞ்சிடுச்சுன்னுதானே சொன்னேன், போயிடுச்சுன்னா சொன்னேன்? அதுக்குள்ள எத்தன பக்கம் எழுதியிருக்க" என்று கேட்டுவிட்டு, ஸ்லைடை ஐஸில் குளிர்ந்த தட்டில் வைத்தார். சித்தி, நான் பார்த்தேன். நாலு செல்லில் மூன்று இருட்டாகவே இருக்க, முனையில் இருந்த ஒன்றில் மட்டும் புள்ளி புள்ளியாகத் துகள்கள் திரும்பக் கூடிக்கொண்டு வந்தன. வணிகவியல் பற்றி அம்மாவிடம் பேச வேண்டாம். இன்னும் நிறைய எழுதுவேன், ஆனால் படம் எடுக்க வேண்டுமென்று அண்ணன் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார்.