கடல்பசுவைத் தேடிப்போய் ஸ்ரீவில்லிபுத்தூரில் கை நனைத்த கதை

ஆராய்ச்சி செய்கிறவனுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கக் கூடாது. இருந்தாலும் அவர்கள் வீட்டில் நல்ல காரியம் நடக்கக் கூடாது. அப்படியே நடந்தாலும் கையில் கடல் தண்ணீரோடு அவன் அங்கே போய் நிற்கக் கூடாது. நான் போய் நின்றவன் என்பதால் சொல்கிறேன்.

அப்போது எனக்கு மதுரையில் ஒரு கடலுயிர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர் வேலை. (மதுரையில் ஏதுடா கடல் என்று எங்கள் ராஜபாளையத்துத் தெருவே கேட்டு முடித்துவிட்டது, நீங்கள் வேறு கேட்காதீர்கள்.) கடலில் வாழும் எந்த உயிரும் சும்மா இருப்பதில்லை. தோல் உதிர்க்கும், வழவழப்பை விடும், கழியும். அதிலெல்லாம் அதன் டி.என்.ஏ. தண்ணீரில் கலந்து கொஞ்ச காலம் கிடக்கும். ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, மெல்லிய வடிதாளில் வடிகட்டி, தாளில் தங்கியதைப் பரிசோதித்தால் போதும். வலை போடாமலே, கண்ணால் பார்க்காமலே, அந்தப் பக்கம் யார் யார் வந்துபோனார்கள் என்று சொல்லிவிடலாம்.

இதில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. அந்தப் பரிசோதனைக்கு முகதாட்சண்யம் கிடையாது. கடலில் இருந்து வந்ததா, வடிகட்டியவன் விரலில் இருந்து வந்ததா என்று அது பிரித்துப் பார்க்காது. இருந்தால் இருக்கிறது என்று சொல்லும். அதனால் திட்டத்தை நடத்தும் எங்கள் மேடம் சுத்தம் சுத்தம் என்று உயிரை வாங்குவார். வடிகட்டி முடிக்கும் வரை சாப்பாட்டைத் தொடக் கூடாது, கையுறை போடாமல் பாட்டிலைத் தொடக் கூடாது. கடல் தண்ணீர் பாட்டில்களோடு சுத்திகரித்த வெறும் தண்ணீர் ஒரு பாட்டிலும் கூடவே போய்க் கூடவே வரவேண்டும். அதையும் அதே மாதிரி வடிகட்டிப் பார்ப்போம். அதில் ஏதாவது உயிர் தெரிந்தால், தப்பு கடலில் இல்லை, நம்மிடம்தான் என்று அர்த்தம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்புல் வளர்கிற இடத்தில் ஆவுளியாவைப் பார்த்ததாக மீனவர்கள் சொன்னார்கள். ஆவுளியா என்றால் கடல்பசு. மேடம் உடனே என்னைத் துரத்தினார். படகில் போய்த் தண்ணீர் எடுத்தேன், வாந்தியும் எடுத்தேன் (தனித்தனிப் பக்கமாகத்தான்). பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்துக் கரைக்கு வந்தால், அம்மாவிடமிருந்து போன்.

செல்வி அக்காவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வரன் கூடிவந்திருந்தது. அதற்கு முன் இரண்டு வரன்கள் ஏதேதோ காரணத்தால் தட்டிப்போனதில் அம்மா பாதியாகிவிட்டாள். இந்த மாப்பிள்ளையை அக்காவுக்கும் பிடித்திருந்தது. அன்றைக்கு நாங்கள் மாப்பிள்ளை வீட்டில் போய்க் கை நனைக்க வேண்டும். கை நனைப்பது என்றால் அவர்கள் வீட்டில் முதல்முறையாக உட்கார்ந்து சாப்பிடுவது. சாப்பிட்டால் சம்மதம், சாப்பிடாமல் எழுந்தால் சம்பந்தம் இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் எங்கள் பக்கம் அவ்வளவு உறுதி கிடையாது. கூடப் பிறந்த ஒரே தம்பி இல்லாமல் எப்படி என்று அம்மா அழ ஆரம்பித்தாள். மதுரைக்குப் போகும் வழியில் ஒரு சின்னச் சுற்று, அவ்வளவுதானே என்று நானும் கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் வழியில் நின்றது. ஐஸ் கரைந்தது. தண்ணீரை அன்றைக்கே வடிகட்டாவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் சிதைந்துவிடும். மதுரை போய்ச் சேர நேரமில்லை. பம்பும் வடிதாள்களும் பையிலேயே இருந்ததால், மாப்பிள்ளை வீட்டிலேயே ஓரமாக உட்கார்ந்து வடிகட்டிவிடலாம் என்று முடிவுசெய்தேன். இந்த யோசனை எனக்கு எந்த ஊர் தாண்டும்போது வந்ததென்று நினைவில்லை, ஆனால் மண்டையில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. ராஜபாளையத்து வீட்டிலேயே இருந்த அக்கா ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். “ஏலே, அங்க போய் வாயைத் திறந்து எதையும் கெடுத்துராத. உனக்குக் கோடிப் புண்ணியம்.”

மாப்பிள்ளை வீட்டார் பால்கோவா போடுகிறவர்கள். முன்பக்கம் வீடு, பின்பக்கம் அடுப்பும் சட்டியும் பால் கேன்களும். மாப்பிள்ளையின் அப்பா, நாளைக்கு எனக்கு மாமாவாக வேண்டியவர், வாசலிலேயே என்னையும் பெட்டியையும் வரவேற்றார். தோளில் ஈரத்துண்டு. தம்பிக்கு என்ன வேலை என்று கேட்டார். கடல்பசு இருக்கா என்று தேடுகிறேன் என்றேன்.

மனுஷர் தொழில்காரர் அல்லவா, நிமிர்ந்துவிட்டார்.

“அது எம்புட்டுப் பால் கறக்கும் தம்பி?”

“அதை யாரும் கறக்கிறதில்லைங்க. குட்டிக்குத்தான் கொடுக்கும்.”

அப்புறம் எதற்கு அதைத் தேட வேண்டும் என்று அவருக்கு நியாயமான சந்தேகம். நான் விடவில்லை. அக்கா சொன்னதை மறந்து, டி.என்.ஏ. பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். ஒரு பொட்டுத் தண்ணீர் போதும், அதில் எது பட்டிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும், எதையும் மறைக்கவே முடியாது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். மாமாவின் முகம் மாறியது. அறிவியலின் பிரமிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இலை போட்டார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் கையுறையை மாட்டிக்கொண்டு, பெட்டியோடு சுவர் ஓரமாக நின்றேன். என் இலையிலும் பால்கோவா வைத்து, மாமா உட்காரச் சொன்னார். நான் மிக மரியாதையாகத்தான் சொன்னேன்.

“எனக்கு வேண்டாங்க. உங்க வீட்டுல நான் எதையும் தொடக் கூடாது.”

எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் விழுந்தது போல இருந்திருந்தால் கூடப் பரவாயில்லை, சத்தமாவது கேட்டிருக்கும். என் அப்பா பாயாசக் கையை இலைக்கு மேலேயே நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை என் கையுறையைப் பார்த்துவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டார். எங்கள் சோழபுரத்துச் சித்தப்பா, நிலைமை போதாதென்று, பயலுக்குச் சம்மதம் இல்லை போல என்று அடுத்த இலைக்காரரிடம் ரகசியமாகச் சொன்னது சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

“எங்க வீடு அம்புட்டு அசிங்கமாவா இருக்கு தம்பி?” என்றார் மாமா. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். குரல் உடைந்திருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, கண்ணை உருட்டவில்லை, கண் மட்டும் நிறைந்து நின்றது. தட்டிப்போன அந்த இரண்டு வரன்களும் எனக்கு ஞாபகம் வந்தன. மூன்றாவது என்னால் போகப்போகிறது, அதுவும் ஒரு ரப்பர் உறையால், என்று தெரிந்ததும் கையுறையைக் கழற்றி எறிந்தேன். இலையில் உட்கார்ந்து பால்கோவாவை அள்ளி அள்ளித் தின்றேன். கேட்டு வாங்கியும் தின்றேன். விரலை நக்கினேன். போகிற உயிர் திரும்பி வந்த மாதிரி எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். மாமா அது வரை தம்பி என்று கூப்பிட்டவர், “இன்னும் கொஞ்சம் வைக்கட்டா மாப்ளே?” என்றார்.

சாப்பிட்டதும் கையை ஒரு தடவைக்கு மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, பின்கட்டில் உட்கார்ந்து பம்பை அடிக்கத் தொடங்கினேன். கடல் தண்ணீர் சீக்கிரம் வடியாது. கை ஓய்ந்துபோனது. மாப்ளே தனியாகக் கஷ்டப்படுகிறதே என்று மாமா துணைக்கு வந்தார். பாட்டில் வாயில் தூசி இருக்கிறதென்று தோள் துண்டால் அழுத்தித் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். வெறும் தண்ணீர் பாட்டிலையும் திறந்து மோந்து பார்த்து, “இதுல ஒண்ணுமே இல்லையே, இதை எதுக்கு மாப்ளே சுமக்கீய?” என்றார். அந்தத் துண்டால்தான் அவர் பால் கேன் மூடிகளையும் துடைப்பார். அன்றைக்கு அந்த மனிதரிடம் இரண்டாவது தடவை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் மாமா நாள் தவறாமல் போன் செய்தார். கல்யாண மண்டபம் பற்றி ஆரம்பித்து, “அந்தத் தண்ணி என்ன சொல்லுது மாப்ளே?” என்று முடிப்பார். எங்கள் குடும்பத்திலேயே என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்ட முதல் மனிதர். எனக்கு நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

ஒருநாள் மேடம் கூப்பிட்டார். மீன்கள் இருக்கின்றன, கடல்பசு இல்லை என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆனா சாதாரணப் பசு இருக்கு. எல்லா பாட்டில்லயும். கூடவே எருமையும் இருக்கு. ஒண்ணுமே இல்லாத தண்ணியிலதான் ரெண்டும் அதிகமா இருக்கு. நீ தூத்துக்குடிக்குத்தானே போன?”

பால்கோவாவிலிருந்து கை நனைத்தது வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தபடி தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார், அழுகிறார் என்று நினைத்தேன். (சிரித்திருக்கிறார்.) திரும்பக் கடலுக்குப் போகச் சொன்னார். மறுநாள் ஆய்வுக்கூட விதிகளில் ஒரு வரி சேர்ந்தது: தண்ணீர் மாதிரிகளோடு விசேஷ வீடுகளுக்குச் செல்லக் கூடாது.

வெளியே வந்து படியில் இறங்கும்போதுதான் எருமை உறைத்தது. சுத்தமான பசும்பால் தவிர வேறெதையும் இந்த வீட்டுச் சட்டி பார்த்ததில்லை என்று மாமா அன்றைக்கு எத்தனை தடவை சொன்னார். பத்திரிகை அடித்தாகிவிட்டது. பெண் வீட்டுக்காரன் மதுரையில் வைத்து எங்கள் பாலைச் சோதித்தான் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அக்கா கதி என்ன? எனக்கு ராத்திரித் தூக்கம் போனது. அக்காவிடம் மட்டும் சொன்னேன். “செத்தாலும் சொல்லிராதலே. அவிய மானஸ்தரு,” என்று போனை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து மாமாவின் போனை எடுக்காமல் விட்டேன். அதுதான் நான் செய்த அடுத்த முட்டாள்தனம்.

போன் எடுக்கவில்லை என்றதும் மாமா நேரில் வந்துவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின வாரம், எங்கள் ராஜபாளையம் வீட்டில். என்னை மட்டும் மாடிக்குக் கூட்டிப்போனார். இருவருக்கும் வியர்த்தது. வெயிலால் அல்ல.

“தண்ணியில என்ன வந்துச்சு மாப்ளே?”

“மீனு வந்துச்சு மாமா. பொறவு... பசு வந்துச்சு.”

“பசு மட்டுந்தானா?”

என் முகத்துக்குப் பொய் பழக்கமில்லை. அவர் பார்த்துவிட்டார். மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“பண்டிகை நேரத்துல பால் பத்த மாட்டேங்கு மாப்ளே. எருமைப்பாலு கொஞ்சந்தான் ஊத்துவேன். எம் பொஞ்சாதிக்கே தெரியாது. இதை வச்சுச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிராதீய. என் பையன் செல்வியைத்தான் கட்டுவேன்னு நிக்கான்.”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் அவருக்குப் பயந்து தூங்காமல் கிடந்த நாட்களில் அவர் எனக்குப் பயந்து தூங்காமல் கிடந்திருக்கிறார். ஆராய்ச்சிக்கூடமே என் பேச்சைக் கேட்காது மாமா, கல்யாணமா நின்றுவிடப் போகிறது என்று சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ரகசியத்தை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்தேன். அக்காவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டதைச் சொல்லவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. அக்கா அந்த வீட்டுக்குப் போன புதிதில், மேலே படிக்க மதுரைக்குப் போய்வர வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். மாமா முடியாது என்றாராம். அக்கா சாதம் பரிமாறிக்கொண்டே, “சரி மாமா. தம்பியை ஒரு பாட்டிலோட வரச்சொல்லட்டுமா?” என்று கேட்டாளாம். மறுவாரம் அவளுக்கு பஸ் பாஸ் வாங்கிக் கொடுத்ததே மாமாதான்.

இப்போது அந்த வீட்டில் எதற்குச் சண்டை வந்தாலும் இதே கேள்விதான். டி.வி. சத்தத்தைக் குறைக்க, மாத்திரை போட வைக்க, அத்தைக்கு வளையல் வாங்கிக் கொடுக்க, எல்லாவற்றுக்கும். காரணம் தெரியாத அத்தையும் இப்போதெல்லாம் அதையே கேட்கிறார், வேலை நடக்கிறது. அந்தக் கடல்பசுவை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டில், என் பெயரைச் சொன்னாலே ஒரு பெரிய மனுஷர் எழுந்து சட்டியை மூடுகிறார்.