பன்னிரண்டு அழைப்புகள், குறை இல்லை

மனிதன் மனிதனோடு பேசுவதற்கு எடுத்த முயற்சிகளில் ஆகப் பெரியது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, நிலப் பதிவு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் தொடங்கியது. மேசைத் தொலைபேசி செத்து மூன்று மாதமாகியிருந்தது. இனி எல்லோருக்கும் செல்போன் என்றது மேலிடம். எந்த நிறுவனத்தின் இணைப்பு என்று சொல்லவில்லை. ஆகவே 'அலைவரிசை ஒப்பீட்டு உயர்மட்டக் குழு' பிறந்தது.

குழுவின் அளவையாளராக நெட்டையார் ஒருமனதாகத் தேர்வானார். பதிவேட்டுப் பிரிவு குமாஸ்தா; ஆறடி மூன்றங்குலம். சிக்னல் மேலிருந்து வருகிறது, முதலில் அவரைத்தான் தொடும் என்று மேலாளர் விளக்கினார். மறுக்க யாரிடமும் ஆதாரம் இல்லை.

மூன்று நிறுவனங்களுக்கு மூன்று போன்கள். மேலாளருடையது, தட்டச்சு அம்மாளுடையது, நெட்டையாருடையது. மூன்றையும் நாடாவில் கோத்து அவர் கழுத்தில் மாட்டினார்கள். கையில் ஒரு படிவம்: இடம், நேரம், கோடுகள், மணியோசை, குறை.

"4ஜியைவிட 5ஜி எவ்வளவு அதிகம்?" என்று கேட்டார் மேலாளர்.

"ஒண்ணு சார்," என்றார் கணக்கர்.

அது குறிப்பேட்டில் ஏறியது.

பிறகு விதி ஏழு வாசிக்கப்பட்டது. மாலை ஐந்து மணி வரை எந்தப் போனையும் எடுக்கக் கூடாது. அடிப்பதைக் குறித்தால் போதும்.

நெட்டையார் எழுந்தார். "சார், வீட்டுல நிறைமாசம். வலி வந்தா கூப்பிடுவா. எடுத்துடுவேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"எடுத்தா பேசுவீங்க. பேசினா அந்தக் கம்பெனி மேல ஒரு பிடிப்பு வரும். அப்புறம் ஒப்பீடு என்னத்துக்கு?"

நெட்டையார் உட்கார்ந்தார்.

பதினொன்று பத்துக்கு, படிக்கட்டுத் திருப்பத்தில், நடுவில் தொங்கிய அவருடைய போன் அடித்தது. திரையில் 'வீடு'. அவர் கட்டைவிரல் பச்சைப் பொத்தானுக்கு ஒரு நூல் மேலே போய் நின்றது.

"எடுங்க சார்," என்றார் தட்டச்சு அம்மாள். "நான் பார்க்கல."

"நான் பார்க்கிறேன்," என்றார் மேல்படியிலிருந்து மேலாளர்.

நெட்டையார் எழுதினார்: படிக்கட்டு, 11.10, நான்கு கோடு, மணியோசை தெளிவு, குறை இல்லை.

கேன்டீனில் இரண்டு முறை அடித்தது. பதிவேட்டு அறையில் நான்கு முறை. கழிப்பறையில்கூட நான்கு முறை, அங்கேயும் நான்கு கோடு.

மேலாளர் நெகிழ்ந்துபோனார். "வெளியிலேர்ந்து இப்படி விடாம கூப்பிட ஆள் கிடைக்குமா? அவங்களைக் கௌரவ உறுப்பினரா சேர்த்துடுங்க."

"அவளுக்கு வலி சார்."

"அதையும் போடுங்க. 'நெருக்கடியிலும் இணைப்பு துண்டிக்கப்படவில்லை.' நல்ல வரி."

"ஆளுதான் இத்தனை உசரம்," என்றார் தட்டச்சு அம்மாள், தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்து.

பன்னிரண்டாவது அழைப்பு பன்னிரண்டு இரண்டுக்கு. அதன் பிறகு போன் அடிக்கவில்லை. நெட்டையார் அரை மணிக்கு ஒருமுறை எழுதினார்: அமைதி. தெளிவு.

ஐந்து மணிக்கு விதி தளர்ந்தது. அவர் கழுத்து நாடாவைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஆஸ்பத்திரி இருக்கும் திசையைக் காட்டினார்.

வார்டில் மனைவி படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு சின்ன மூட்டை அசைந்தது.

"பொண்ணு," என்றாள், சுவரைப் பார்த்து.

நெட்டையார் கையில் இருந்ததை நீட்டினார், படிவம்தான் இருந்தது.

"நீ கூப்பிட்டது ஒண்ணுகூட வீணாப் போகலம்மா. பன்னெண்டும் வந்துச்சு. பன்னெண்டும் எழுதியிருக்கேன், பாரு."

"பதிமூணு."

நெட்டையார் நிமிர்ந்தார். நாள் முழுக்க 'இல்லை', 'இல்லை' என்றே நிரம்பிய 'குறை' கட்டங்கள் கண்ணில் பட்டன. கை தானாகப் பேனாவை எடுத்தது.

"அப்போ ஒண்ணு வரலையா? எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டு அஞ்சு. அது உங்களுக்கு இல்ல, என் தம்பிக்கு. முதல் மணியிலேயே எடுத்தான். ஆட்டோவோட வந்தான்."

பேனா காகிதத்தின் மேல் நின்றது. தேர்ந்த அளவையாளருக்கு இன்னும் ஒரு விவரம் பாக்கி இருந்தது.

"தம்பி எந்தக் கம்பெனி?"

அவள் முதல்முறையாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"எடுக்கிற கம்பெனி."

அதையும் எழுதிக்கொண்டார்.