பத்து இல்லாத பகா எண்

மதுரைப் பக்கம் கல்யாணத்துக்கு பிளக்ஸ் வைக்காத நண்பனை யாரும் நண்பன் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த பிளக்ஸில் கணக்குப் போட்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வில்லாபுரத்தில் சும்மா இருந்த காலம். உசிலம்பட்டியில் நண்பன் பாண்டிக்குக் கல்யாணம். பெண்ணின் மாமா ஒரு பள்ளியில் தலைமையாசிரியர். அங்கே கணக்கு வாத்தியார் இடம் காலி. நானும் மனுப் போட்டிருந்தேன். மண்டபத்தில் என் அறிவைப் பார்த்து அசந்துபோய் அங்கேயே வேலையைக் கொடுத்துவிடுவார் என்பது திட்டம். (திட்டம் போடுவதிலும் நான் முதுகலைதான்.)

12345678910987654321. ஒன்றிலிருந்து பத்து வரை ஏறி, மறுபடி ஒன்றுக்கு இறங்கும் இது ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. இதைப் பெரிதாகப் போட்டு, கீழே 'யாராலும் வகுக்க முடியாத ஜோடி' என்று எழுதி, அதற்கும் கீழே என் பெயர், பட்டம். பிளக்ஸ் கடைக்காரர் அச்சடிக்கும் முன் மாதிரியை வாட்ஸப்பில் அனுப்பினார். என் பெயரையும் பட்டத்தையும் மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை தலைமையாசிரியர் பிளக்ஸ் முன்னால் வெகுநேரம் நின்றார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. வேலை கிடைத்துவிட்டது என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"இது நீங்க போட்டதா தம்பி?"

"ஆமா சார். பகா எண்."

"இலக்கத்தையெல்லாம் கூட்டுனா தொண்ணூறு வருது. மூணால போகுதே!"

அப்போதுதான் எண்ணைப் பார்த்தேன். அதன் நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்தைக் காணோம். கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, பத்து கரெக்டா மாப்ள மூஞ்சியில வந்துச்சு. தூக்கிட்டேன். இப்ப ரெண்டு பக்கமும் எம்புட்டு அழகா இருக்கு பாருங்க!"

அதற்குள் பெண்வீட்டு அத்தை ஒருவர், "மூணாலயா? யாருப்பா அந்த மூணாவது ஆளு?" என்று மண்டபத்துக்கே கேட்கும்படி விசாரித்தார். சேதி மேடை வரைக்கும் போக, பாண்டி மாலையோடு என்னை முறைத்தான். தாலி கட்டும் வரை நான் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். யாரும் உரிக்கச் சொல்லவில்லை.

வேலை வேறொருவருக்குப் போனது. வருத்தம்தான். ஆனால் தலைமையாசிரியர் இடத்தில் நான் இருந்தாலும் என்னை எடுத்திருக்க மாட்டேன்.

பாண்டிக்கு மகள் பிறந்த அன்று போன் வந்தது. "மாப்ள, உன் பிளக்ஸ் கணக்கு சரிதான்டா. மூணு பேரு ஆயிட்டோம், மீதியே இல்ல!"

அந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பிளக்ஸில் பத்து காணாமல்போன கதை அவளுக்கு மனப்பாடம். வீட்டு விசேஷங்களில் குடும்பப் படம் எடுக்கும்போது, ஓரமாக நிற்கும் என் கையைப் பிடித்து இழுப்பாள்.

"பத்து மாமா, நடுவுல வந்து நில்லுங்க. நீங்க இல்லைன்னா நாங்க வகுபட்டுருவோம்!"