பதினேழாம் நம்பர் சீட்டில் இருந்தது அப்பா இல்லை

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்காவின் இரண்டாவது மகள், உறவு முழுக்க வாலு என்று அழைக்கும் நான், இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது (எழுதுவதற்காக ஒரு கரத்தை மட்டும் பிரித்துக்கொண்டேன்). இங்கே அனைவரும் நலம். போன செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து நாலரை வரைக்கும் மட்டும் அப்பா எந்தத் திசையில் நலமாக இருக்கிறார் என்பதில் சின்னக் குழப்பம் இருந்தது. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நம் வீட்டில் யார் போனை எடுத்தாலும் அப்பாவின் காது பக்கத்து அறையிலிருந்து தனியாக நடந்து வந்துவிடும். அதனால் கடிதம். படித்ததும் கிழித்துவிடவும்.

அக்காவுக்கு அந்தப் பெரிய கட்டட வரைபட அலுவலகத்தில் மூன்று மணிக்கு இன்டர்வியூ என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அவள் எதிர்பார்த்த வேலை. சான்றிதழ் எல்லாம் ஒரே ஃபைலில். அந்த ஃபைலை அப்பா யாரிடமும் தரவில்லை. "நீ படிச்சதை நீ பாத்துக்கோ, படிச்சதுக்குச் சாட்சியை நான் பாத்துக்கறேன்" என்று மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். காலை ஏழு மணி சொகுசுப் பேருந்து. சொகுசெல்லாம் பேரில், உந்தெல்லாம் எங்கள் முதுகில். நானும் அக்காவும் முன்னால், அப்பா எங்களுக்குப் பின்னால் பதினேழாம் நம்பர் சீட்டில். கிடங்கில் வேலை பார்க்கிறவர் இல்லையா, அடையாளம் கட்டாமல் எதையும் நகர விட மாட்டார். பஸ் எங்கே நின்றாலும் தன் ஆரஞ்சுக் கைக்குட்டையைப் பக்கக் கண்ணாடிக் கம்பியில் கட்டிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். "எல்லா பஸ்சும் ஒரே மாதிரி இருக்கு, நாளைக்கு மாத்தி ஏறிட்டா?" என்பார். மாமா, நெருப்புப்பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு நெருப்பைப் பற்றிப் பாடம் நடத்தினால் நான் என்னதான் செய்வது?

பதினோரு மணிக்கு ஒரு சாலையோர ஓட்டலில் இருபது நிமிஷம் நிறுத்தினார்கள். பக்கத்திலேயே அதே கம்பெனி, அதே நீலம், அதே சீட்டு உறை, ஆனால் எதிர்த்திசையில் நம் ஊருக்குப் போகிற பஸ். அப்பா டீக்கடைப் பக்கம் திரும்பியதும் கைக்குட்டையை அவிழ்த்து அந்தப் பஸ்ஸில் கட்டினேன். என் திட்டம் எளிமையானது. அப்பா ஏறுவார், முழிப்பார், இறங்குவார், நான் சிரிப்பேன். ஆனால் சிரிப்பதற்கு முன்னால் கழிப்பறைக்குப் போனேன். அந்த வரிசை எங்கள் பஸ்ஸை விட நீளம். ஹாரன் அடித்ததும் ஓடி வந்து ஏறினால், பதினேழில் ஒரு செய்தித்தாள் விரிந்து நிற்கிறது, கீழே ரெண்டு முழங்கால். கோபம் வந்தால் அப்பா பேப்பருக்குள் குடியேறுகிற ஆள். சரி, கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கண்டக்டர் தலைகளை எண்ணினார், நாற்பத்தொன்று, விசிலடித்தார், கிளம்பிவிட்டோம். அக்கா காதில் விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடி இன்டர்வியூ பதில்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

நான் சீட்டு இடுக்கு வழியாக நாற்பது நிமிஷம் மன்னிப்புக் கேட்டேன் மாமா. கைக்குட்டைக்கு மன்னிப்பு. பேப்பர் அசையவில்லை. போன மாதம் ரேஷன் அட்டையை ஃப்ரிட்ஜில் வைத்ததற்கு மன்னிப்பு. அசையவில்லை. உங்கள் கல்யாண ஆல்பத்தில் உங்களுக்கு மீசை வரைந்ததற்கும் (அதை நீங்களும் மன்னித்துவிடவும்) கேட்டேன். அப்போதுதான் பேப்பர் இறங்கியது. உள்ளே நிஜ மீசை.

"பரவால்லம்மா, எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன். ஆனா நான் உங்க அப்பா இல்ல."

"நீங்க எப்படி இங்க?"

"எனக்கும் பதினேழுதான். என் பஸ்சுல அதுல ஒருத்தர் தூங்கிட்டிருந்தார். அப்ப இது நம்ம பஸ் இல்ல போலிருக்குன்னு இறங்கி இதுல ஏறினேன். பதினேழு காலியா இருந்துச்சு. இது எங்க போகுது?"

"நீங்க காலையில கிளம்பின ஊருக்கே."

அவர் ஜன்னல் வழியாக ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமியார் வீட்டுக்குத்தான் போயிட்டிருந்தேன். அவசரமில்ல" என்று மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

அப்பாவின் போன் என் சீட்டுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. எங்கள் கண்டக்டர்தான் அந்தப் பஸ் கண்டக்டரைப் போனில் கூப்பிட்டார்.

"பதினேழுல யாருய்யா?"

"ஒருத்தர் ஃபைலைக் கட்டிப்பிடிச்சுத் தூங்குறார்."

"தலை எண்ணினியா?"

"நாப்பத்தொண்ணு. சரியா இருக்கு."

"எனக்கும் சரியாத்தான்யா இருக்கு."

ரெண்டு பேருக்கும் சரி, எங்களுக்கு மட்டும் தப்பு. அப்பாவை எழுப்பி வழியில் இறக்கிவிட்டு, எங்கள் பக்கம் வருகிற அடுத்த பஸ்ஸில் ஏற்றுவதாக ஏற்பாடு. எப்படிப் பார்த்தாலும் மூன்று மணிக்கு வந்து சேர மாட்டார். அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

அலுவலக வாசலில் மேஜை போட்டிருந்த ஒரு பெண்மணி, சான்றிதழ் இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார். சத்தம் கேட்டுக் கண்ணாடி போட்ட பெரிய அதிகாரி எட்டிப் பார்த்தார். "சர்டிஃபிகேட் எங்கம்மா?"

"அப்பாகிட்ட இருக்கு சார்."

"அப்பா எங்க?"

"எதிர்ப்பக்கம் போயிட்டார் சார்."

"எப்படி?"

அக்கா ஒரு பேப்பர் கேட்டாள். உள்ளே ஒரு மேஜையில் உட்கார்ந்து, ஓட்டல், டீக்கடை, கழிப்பறை வரிசை, ரெண்டு பஸ், ரெண்டு பதினேழு, யார் எங்கே இறங்கி எதில் ஏறினார் என்று அம்புக்குறி போட்டு, அளவு தப்பாமல் பத்து நிமிஷத்தில் வரைந்துவிட்டாள். கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது. அதிகாரி படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் புரியுது. இந்தக் கைக்குட்டை இந்தப் பஸ்சுலேர்ந்து அந்தப் பஸ்சுக்கு எப்படிப் போச்சு?"

"வெளிய உக்காந்திருக்கா சார். என் தங்கச்சி."

உள்ளே நாலு பேர் சிரித்தார்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள். நாலரை மணிக்கு அப்பா ஃபைலைத் தூக்கிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தபோது, அக்கா வேலை உத்தரவோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள். ஃபைலை வேலைக்குச் சேருகிற அன்று காட்டினால் போதுமாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காற்றில் கைக்குட்டை பறந்துபோய் மாட்டிக்கொண்டது என்று அப்பா நம்பிக்கொண்டிருக்கிறார். முடிச்சோடு எப்படிப் பறந்தது என்று இன்னும் கேட்கவில்லை. ஆனால் அக்கா, முதல் நாள் வேலைக்குப் போவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்கிறாள். நீங்கள் வந்து, நல்ல நேரம் பார்த்து, அவர் சாப்பிட்டு முடித்த பிறகு மெதுவாக எடுத்துச் சொல்லவும். பயமாக இருக்கிறது என்று நான் எழுத மாட்டேன், நீங்களே புரிந்துகொள்ளவும். அத்தைக்கு என் வணக்கம், குட்டிப்பயலுக்கு என் அன்புக் குட்டு.

இப்படிக்கு,
உங்கள் ஆசியையும் சிபாரிசையும் வேண்டும்,
வாலு

பி.கு.: மச்சான், இது நான். தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தாள், பிரித்துப் படித்தேன். அவள் கைக்குட்டையை மாற்றிக் கட்டியதை டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அஞ்சு நிமிஷம் தேடி அலையட்டும் என்று வேண்டுமென்றே அந்தப் பஸ்ஸில் ஏறி சீட்டில் சாய்ந்து ஒளிந்தேன். சாய்ந்தது நன்றாக இருந்தது, கண் அசந்துவிட்டது. பெரியவளுக்கு வேலை கிடைத்ததால் நான் பிழைத்தேன். ஒரு வாரமாகச் சின்னவள் கேட்காமலே தண்ணீர் கொண்டு வருகிறாள், என் செருப்பைத் துடைத்து வைக்கிறாள். அதனால் நீ உடனே வர வேண்டாம். ஒரு மாதம் கழித்து வந்தால் போதும். உன் அக்காவுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.