சொந்தக் காசில் படித்தவர்

மனிதர்களில் சொந்தக் காசில் படித்தவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் தேடிப் போக வேண்டாம்; அவர்களே வந்து சொல்லிவிடுவார்கள். லிஃப்டில் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவிலேயே சொல்லிவிடுவார்கள்.

எங்கள் பெயின்ட் கிடங்கின் மேலாளர் இந்த இனத்தில் முதல்தரம். நாற்பத்திரண்டு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து எம்.பி.ஏ. வாங்கினார். வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் "மணி என்ன சார்?" என்று கேட்டால்கூட, "நான் சொந்தக் காசுல படிச்சப்ப இந்நேரம் கிளாஸ்ல இருப்பேன்" என்றுதான் பதில் வரும். மணி கடைசிவரை தெரியாது.

சொந்தச் செலவில் மேற்படிப்பு படித்தவர்களுக்கு வரிச் சலுகை உண்டு என்று யாரோ புண்ணியவான் அவர் காதில் போட்டுவைத்தார். தொலைந்தோம். கல்லூரிக் கட்டண ரசீது, புத்தக ரசீது, பேனா ரசீது, படித்துப் படித்துப் பார்வை மங்கியதாகச் சொல்லி மூக்குக் கண்ணாடி ரசீது, உட்கார்ந்தே படித்து இடுப்பு பிடித்துக்கொண்டதாகச் சொல்லித் தைல ரசீது, அந்தத் தைலம் பட்டுக் கறையான சட்டைக்குச் சலவை ரசீது என்று ஒரு கோப்பு தயாரானது. தலையணைக்கும் ரசீது இருந்தது.

"இது எதுக்கு சார்?"

"புத்தகத்தை எது மேல வெச்சுப் படிச்சேன்னு நினைக்கிறீங்க?"

எனக்கென்னவோ அவர் தலையைத்தான் வைத்திருப்பார் என்று தோன்றியது.

அவருடைய மனைவி மருத்துவமனையில் நர்ஸ். இடது கடைவாய்ப் பல் சொத்தையாகி, இரண்டு வருஷமாக வலது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தார். "சலுகைப் பணம் வரட்டும், முதல் செலவே உன் பல்லுக்குத்தான்" என்பது மேலாளரின் வாக்குறுதி. அந்த அம்மாவைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருக்கும்.

துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு வரி அலுவலகம் போனார். மனைவியும் கன்னத்தைப் பிடித்தபடி வந்தார். அங்கிருந்த பெண் அதிகாரி தலையணை ரசீதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கட்டண ரசீதுகளை மட்டும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பணம் கட்டினவங்க பேரு வேற யாரோ லேடி பேரா இருக்கே, சார்?"

"அது என் வொய்ஃப்தாங்க. அவ கார்டுல கட்டினது."

"அப்புறம் அவங்களுக்குத் திருப்பிக் கொடுத்துட்டீங்களா?"

மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார். மனைவிதான் பதில் சொன்னார். "நாலு செமஸ்டருக்கும் நான்தாங்க டபுள் டியூட்டி பார்த்துக் கட்டினேன்."

"அப்ப முடியாதுங்க. இவர் படிச்சார், கட்டல. நீங்க கட்டினீங்க, படிக்கல. ரெண்டு பேருக்குமே சலுகை கிடையாது."

மூவரும் படியிறங்கினோம். கடைசிப் படியில் மேலாளருக்குத் தாங்கவில்லை. "சொந்தக் காசுல படிச்சவனுக்கு இந்த நாட்டுல இதுதான் மரியாதை" என்று ஆரம்பித்தார். மனைவி கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"இனிமே சொந்தக் காசுன்னு சொல்லாதீங்க. சொந்தக்காரங்க காசுன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிப் பல் டாக்டரிடம் போய்விட்டார். கோப்பை நான்தான் சுமந்து வந்தேன்.

சிரித்தாயிற்றா? நல்லது. நீங்களும் சொந்தக் காலில் நின்று முன்னுக்கு வந்ததாகத்தானே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்? அந்தக் காலுக்குச் செருப்பு வாங்கிய ரசீது வீட்டில் எங்காவது கிடக்கும். அதில் யார் பெயர் இருக்கிறது என்று, பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.