எனக்குச் சாமி வந்த கதை

ஒரு பெண் இளைத்தால் எல்லாரும் பாராட்டுவார்கள். ஏன் இளைத்தாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பாராட்டில் மயங்கிக் கிடந்துதான் நான் மலேசியாவில் உலு திராம் பக்கத்துக் கோயிலில், அத்தனை பேர் முன்னால் அம்மனாகிப் போனேன்.

அந்த வருடம் காலையில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே வந்தது. தெப்ராவில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் எல்லாரும் ஏசி குளிரில் சுவெட்டர் போட்டிருக்க, எனக்கு மட்டும் வியர்த்தது. கை நடுங்கியது, தூக்கம் வரவில்லை. தோழிகள் இளைத்த ரகசியம் கேட்டார்கள். "சாயங்காலம் நடக்கிறேன்லா" என்று அளந்துவிட்டேன். (நடந்தது காரிலிருந்து லிஃப்ட் வரைக்கும்.)

வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் என் மாமியார். கடைசியில் நாங்கள் இருவரும் என் கணவர் மூலமாகத்தான் பேசிக்கொண்டோம். உப்புத் தீர்ந்ததைச் சொல்லக்கூட அவர்தான் தபால்காரர்.

திருவிழாவில் பால்குடம் எடுத்தேன். வெயில், விரதம், காதுக்குப் பக்கத்தில் உறுமி மேளம். குடத்தைப் பிடித்த கை தடதடவென்று ஆடியதில் பால் தலையில் வழிந்தது. சில வாரங்களாகவே முழித்துக்கொண்டிருந்த கண்கள் இன்னும் விரிந்தன. பின்னால் வந்த அக்கா ஒருவர், "சாமி வந்துருச்சு" என்றார். அவ்வளவுதான். குடத்தை வாங்கிக்கொண்டு கையில் வேப்பிலையைத் திணித்தார்கள், காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருவர் தன் மகனுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டார். எனக்கோ உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும். (அம்மன் பிளாஸ்டிக் நாற்காலி கேட்டால் நன்றாகவா இருக்கும்?) பேசாமல் நின்று ஆடினேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமியார் வந்து கைகூப்பினார். என்னைப் பற்றி என்னிடமே புகார் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஆத்தா, என் மருமக ஏன் இப்படி உருகிப் போறா? கேட்டா கடிக்கிறா. அவளுக்கு என்ன செய்யுதுன்னு நீயாச்சும் சொல்லு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேப்பிலையைக் கீழே போட்டேன்.

"அத்தை, நான்தான். ரொம்ப நாளா நெஞ்சு படபடன்னு அடிக்குது. பயமா இருக்கு."

அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். "சாமி இல்ல, புள்ளைக்கு உடம்பு சரியில்ல" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு, மகனைக் காரை எடுக்கச் சொன்னார்.

கிளினிக்கில் மருத்துவர் கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடத்தது. தண்ணீர் விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வது இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. மாத்திரையில் நடுக்கம் அடங்கியது. போன எடையும் பத்திரமாகத் திரும்பி வந்தது. (அதை மட்டும் யாரும் பாராட்டவில்லை.)

இன்றும் நான் வீட்டில் குரலை உயர்த்தினால் மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

"ஆத்தாவா, கழுத்தா?"

"ரெண்டும் இல்ல அத்தை. உங்க மருமகதான்."

"அப்ப சரி, கத்தும்மா" என்பார்.